பத்து தெத்ரி

திபிலிசியில் எங்கள் கட்டிடத்து லிஃப்டுக்குள்
ஓர் உண்டியல் இருக்கிறது.
பத்து தெத்ரி போட்டால்தான் மேலே போகும்.
இறங்குவது இலவசம்.
இறங்குவதற்கு எங்கேயும் காசு கேட்பதில்லை.

காலையில் ரொட்டிச் சூளையில் மக்வலா
காசை வாங்கினாள், முகம் கொடுக்கவில்லை.
ஏழு வருடமாக
"சூடு, விரல் பத்திரம்" என்று சொல்பவள்
இன்று தாள்கூடச் சுற்றாமல் நீட்டினாள்.
அவளுக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.
நான் என்ன செய்தேன் என்றுதான்
பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.
போன வாரம் சில்லறை குறைத்தேனா?
மகன் போலந்துக்குப் போனானே, விசாரிக்க மறந்தேனா?
ரொட்டியின் கூர்நுனியை
வழியிலேயே கடித்துவிடுவது என் வழக்கம்.
இன்று கடிக்கவில்லை.

தண்ணீர்க் கட்டண அலுவலகத்தில்
இரண்டாம் ஜன்னல் நான்.
பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார்.
ஷால்வா என்று படிவத்தில் இருந்தது.
கையெழுத்தைத் தேதிக்கான கட்டத்தில் போட்டிருந்தார்.
"கண் இல்லையா?" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தாளை நான்காக மடித்தார்,
பிறகு எட்டாக,
பிறகு மடிக்க முடியாதவரை மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
அந்தச் சூடு என்னுடையது இல்லை, ஐயா,
சூளையிலிருந்து தாள் சுற்றாமல் கொண்டுவந்தது
என்று எந்த ஜன்னல் வழியாகச் சொல்வது?
அதற்குள் அவர் அதை
எந்த பஸ்ஸில், யார் மடியில்
இறக்கி வைத்திருப்பாரோ.

மாலை மழை.
ஒரு கையில் உருளைக்கிழங்கு, ஒரு கையில் வெங்காயம்,
பர்ஸில் இருபது லாரி நோட்டு ஒன்றே ஒன்று.
நான் ஒன்பதாவது மாடி.
லிஃப்டுக்குள் நான்காம் மாடி எம்சார் நின்றிருந்தார்.
வாசல் விளக்குக்கு யார் பங்கு தரவில்லை என்ற தகராறில்
இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
(அவர்தான் தரவில்லை.)
அவர் காசில் நான்கு மாடி ஏறினேன்,
கதவில் யாரோ கிறுக்கிய இதயத்தைப் பார்த்தபடி.
அவர் சுவரைப் பார்த்தபடி.

கதவு திறந்தது. வெளியே போனார்.
கதவு மூடப்போகிற நேரத்தில்
ஒரு கை மட்டும் உள்ளே வந்தது,
ஈரமான சட்டைக் கை,
உண்டியலில் ஒரு காசு விழுந்தது.
"ஒன்பதுதானே" என்றது வெளியிலிருந்து குரல்.

அவ்வளவுதான்.

என் சந்தோஷம் பத்து தெத்ரிக்கு விலைபோகும் என்று
யாராவது சொல்லியிருந்தால்
சண்டைக்குப் போயிருப்பேன்.
ஐந்து, ஆறு.
ஏழாவதில் லிஃப்ட் வழக்கம்போல் குலுங்கியது.
மாடிக்குக் கொஞ்சமாக
என் முகம் எனக்குத் திரும்பி வந்தது.
எட்டில் அழுதுவிட்டேன்.
ஒன்பதில் கதவைத் திறந்து
வெங்காயத்தைக் கீழே வைத்து
ஆறிப்போன ரொட்டியின் நுனியைக் கடித்தேன்.
கல் மாதிரி இருந்தது. நன்றாக இருந்தது.

மறுநாள் காலை நானே முந்திக்கொண்டு
"விரல் பத்திரம், மக்வலா" என்றேன்.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.
பல்வலியாம்.
மூன்று நாளாகக் கடைவாய்ப் பல்.

ஒரு பல்லில் புறப்பட்டது
எத்தனை பேர் வாய் வழியாகப் போயிருக்கிறது பாருங்கள்.
இப்போது எந்த ஊரில் யார் யார்மேல்
எரிந்து விழுந்துகொண்டிருக்கிறார்களோ,
இங்கே அவளுக்கு வீக்கம்கூட வடியத் தொடங்கிவிட்டது.

எம்சார் இன்றும் என்னைத் தாண்டிப் போனார்.
வணக்கம் இல்லை. நானும் சொல்லவில்லை.
விளக்குக் காசு விளக்குக் காசுதான்.
ஆனால் கோட்டுப் பையில்
ஒரு பத்து தெத்ரியைத் தனியாக வைத்திருக்கிறேன்,
எதற்கும் எடுப்பதில்லை,
மழை நாளில் அவர் கை நிறையப் பைகளோடு வருவார் என்று.

ஷால்வாவைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.
தண்ணீர்க் கட்டணம் மாதம் ஒருமுறை.
இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.
அவர் முதல் ஜன்னலுக்குப் போய்விடாமல் இருக்க வேண்டும்.